வில்லைப் பார்த்த புலி

அத்தியாயம் 9

"சார், இந்தப் புலிக்குப் பசியே இல்ல சார்!"

ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து உதவியாளன் வேம்புலி கத்தினான். காற்றில் பறக்கப் பார்த்த, அட்டையில் கொடிப் படம் போட்ட பதினாறு பக்கப் புத்தகத்தை ஒரு கையால் தொடையோடு அழுத்திப் பிடித்திருந்தான். இன்னொரு கை துப்பறியும் பரந்தாமனின் தோளில் இருந்தது. விழாமல் இருக்கத்தான், மற்றபடி மரியாதை, பாசம் என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது.

"எப்படிச் சொல்றே?" என்றார் பரந்தாமன், திரும்பாமல்.

"பக்கத்துலயே ரெண்டு மீனு கீது. அத்த வுட்டுட்டு அந்தாண்ட திரும்பி வில்லைப் பாத்துகினு நிக்குது. எந்த ஊர்லனா புலி மீனை வுட்டுட்டு மூங்கிலைப் பாக்குமா?"

பரந்தாமன் சிரிக்கவில்லை. அவர் பார்ப்பதற்கு இன்ஷூரன்ஸ் பாலிசி விற்க வந்தவர் மாதிரி இருப்பார். கதவைத் திறப்பவர்கள் "வேணாம் சார்" என்று சொல்லி முடிப்பதற்குள் வீட்டுக்குள் இருக்கும் நாலு விஷயங்களைப் பார்த்துவிடுவார். அவருக்குத் தொழில் நடப்பதே அப்படித்தான்.

"அந்தப் பக்கத்தைச் சத்தமா படி."

வேம்புலி தொண்டையைச் செருமிக்கொண்டு மேடைக்குரலில் படித்தான்.

"'கம்பத்தை ஒட்டிச் சேரன் வில். நடுவில் சோழன் புலி. ஓரத்தில் பாண்டியன் கயல்கள் இரண்டு. மூவேந்தரும் தங்களுக்குள் மோதிக்கொண்ட வரலாறு போதும் என்றே மூன்று சின்னங்களையும் ஒரே துணியில் வைத்தோம். புலி மீனை நோக்கினால் அது வேட்டை. வில்லை நோக்கினால் அது வணக்கம். ஆகவே நம் புலி வில்லை நோக்குகிறது. அறுபத்தைந்தில் தைத்த மூலக்கொடியில் இருந்தபடியே, ஒரு நூல் பிசகாமல் இன்றைய கொடியும் தைக்கப்பட்டிருக்கிறது.' சோக்கா எழுதிக்கீறாரு சார் எங்க அண்ணாத்தே!"

"அறுபத்தஞ்சுல புலியை வரைஞ்சது நீதானே?"

"நானேதான். சைன்போர்டு எழுதிகினு இருந்த காலம் அது. நான் வரைஞ்ச புலி மீனைத்தான் பாத்துது. அண்ணாத்தே இப்ப திருப்பிட்டாரு போல. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போவட்டும், பெரிய மனுசன்."

பரந்தாமன் ஒன்றும் சொல்லாமல் திருவேற்காடு தாண்டி வண்டியை விட்டார். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் ஏதோ உள்ளே ஓடுகிறது என்று வேம்புலிக்குத் தெரியும். அன்றைக்கு அதைக் கவனிக்கிற மனநிலையில் அவன் இல்லை. இந்தக் கேஸே அவனுக்குப் பிடிக்கவில்லை.

கேஸ் முந்தின நாள் மத்தியானம் வந்தது. அது 1970ஆம் ஆண்டு, செப்டம்பர் மாதம். மாநிலத்துக்கென்று தனிக்கொடி வேண்டும் என்று பத்திரிகைகளில் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். டீக்கடைக்கு டீக்கடை ஆளுக்கொரு கொடியை விரலால் காற்றில் வரைந்து காட்டிக்கொண்டிருந்தார்கள். அம்பத்தூரில் மூவேந்தர் மன்றம் சும்மா இருக்குமா? "நாங்கள் அஞ்சு வருஷத்துக்கு முன்பே கொடி கண்டவர்கள்" என்று சொல்லி, ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கொடியேற்று விழா வைத்தது. கூடவே கொடியின் வரலாற்றைச் சொல்லும் புத்தகம் ஒன்றையும் வெளியிட ஏற்பாடு. எழுதியவர் மன்றத் தலைவர் மணவாளன், வேம்புலி அண்ணாத்தே என்று கூப்பிடுகிறவர்.

அந்தப் புத்தகத்தைத்தான் ஜரினா கொண்டுவந்து, ஏழாம் பக்கத்தைத் திறந்து பரந்தாமனின் மேஜைமேல் வைத்தாள். அம்பத்தூர் அச்சகம் ஒன்றில் அச்சான தாள்களை மடித்துத் தைக்கும் வேலை அவளுக்கு. மடித்துக்கொண்டே வந்தவள் கண்ணில் தன் அப்பா பெயர் பட்டிருக்கிறது.

'கொடியைத் தைத்த கையே காட்டியும் கொடுத்தது. 1965 ஜனவரி 25 அன்று, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கொடியேற்ற வேண்டிய நாளுக்கு முந்தின மாலை, பூந்தமல்லித் தையற்காரர் உஸ்மான் கனி தந்த தகவலால் போலீஸ் அவருடைய கடைக்கே வந்தது. கொடி பறிபோனது. இளைஞன் வேம்புலி சிறை சென்றான்.'

"இத்தனை வருஷமா வாயாலதான் சார் சொன்னாங்க," என்றாள் ஜரினா. "அதுக்கே எங்க அத்தாகிட்ட ஒருத்தரும் துணி குடுக்கறதில்ல. கடையை மூடிட்டு வீட்ல தலகாணி உறை தைச்சுகினு கீறாரு. இது ஐநூறு புத்தகம் சார். ஊட்டுக்கு ஊடு போயிடும். அத்தா பண்ணலன்னு நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள காட்டுங்க. பண்ணியிருந்தா அதையும் சொல்லிடுங்க."

அவள் பேசும்போது வேம்புலி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். ஏனென்றால் வாயால் சொன்ன அந்த ஆள் அவன்தான். மூன்று மாதம் உள்ளே இருந்து வந்தவன், அம்பத்தூர் முதல் ஆவடி வரை பார்த்தவர்களிடமெல்லாம் பாய்தான் காட்டிக்கொடுத்தார் என்று சொன்னான். சந்தேகப்பட அவனுக்குக் காரணமும் இருந்தது. கொடி எங்கே தைக்கப்படுகிறது என்று தெரிந்தவர்கள் மூன்றே பேர். வேம்புலி லாக்கப்பில். மணவாளன் வேலூரில். உஸ்மான் கனியோ, பிடித்துப் போன அன்று ராத்திரியே வீட்டுக்கு வந்துவிட்டார். இதற்குமேல் என்ன துப்பறிய இருக்கிறது?

"பழைய கொடி எங்கே போச்சுன்னு நேத்து விசாரிச்சேன்," என்றார் பரந்தாமன், பூந்தமல்லி நெருங்கும்போது. "கோர்ட்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர் ஒருத்தர் சொன்னார். பிடிச்ச அன்னிக்கே ஸ்டேஷன்ல மூட்டை கட்டி அரக்கு வச்சுட்டாங்க. அறுபத்தேழுல கேஸை வாபஸ் வாங்கினப்போ, அந்த அரக்கு உடையாம அப்படியே எரிச்சிருக்காங்க."

"அப்ப சாம்பலைத்தான் விசாரிக்கணும்."

"இல்லை. அரக்கு வைக்கறதுக்கு முன்னாடி பார்த்தவங்களை."

உஸ்மான் கனியின் வீடு மசூதிக்குப் பின்னால், சந்தின் கோடியில் இருந்தது. ஜரினா கதவைத் திறந்தாள். வேம்புலியைப் பார்த்ததும் அவள் முகம் கொஞ்சம் இறுகியது. ஆனாலும் பாயை விரித்தாள். தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த உஸ்மான் கனி கண்ணாடியைக் கழற்றிவிட்டு இருவரையும் நிதானமாகப் பார்த்தார். அறுபது வயதிருக்கும்.

"வாங்க தம்பி," என்றார் வேம்புலியைப் பார்த்து. அவ்வளவுதான். வேம்புலி அதற்கும் ஒரு ஜோக் வைத்திருந்தான், ஆனால் சொல்லவில்லை.

பரந்தாமன் சுற்றி வளைக்கவில்லை. "பாய், நீங்க செஞ்ச தப்புன்னு ஊரே ஒண்ணு சொல்லுது. அதை நான் கேக்க வரலை. அன்னிக்கு நெஜமா நீங்க செஞ்ச தப்பு ஏதாவது இருந்தா அதைச் சொல்லுங்க."

மெஷின் சக்கரத்தின் மேல் இருந்த பெரியவரின் கை நின்றது.

"யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலை. புத்தகத்துல ஒரு புலி சொல்லுது."

புத்தகம் என்ன என்று பெரியவருக்குப் புரியவில்லை. மகள் பக்கம் திரும்பினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அவர் மெல்ல எழுந்து டிரங்குப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்து வந்தார். அரை கெஜம் சாட்டின். நடுவே ஓட்டை. ஓட்டை என்றால் எலி கடித்தது இல்லை. வால் தூக்கி, முன்கால் நீட்டி, வாய் திறந்து நிற்கும் புலி அளவுக்கு ஓட்டை.

"தப்பா வெட்டின துணியை நான் தூக்கிப் போடறதில்ல சார். அடுத்த தபா கை நிதானமா இருக்கும்னு வச்சுக்கறது. தொழிலுக்கு வந்து முப்பது வருஷத்துல துணி மாத்தி வெட்டினது இது ஒண்ணுதான்."

"எப்படி மாத்தி?"

"சாட்டின்ல ஒரு பக்கம்தான் பளபளப்பு. மறுபக்கத்துல சாக்கட்டி போட்டாதான் கோடு நிக்கும். அப்படிப் போடறப்போ காகிதத்தைக் கவுத்து வைக்கணும். சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். அன்னிக்கு அவசரம். தம்பி குடுத்த காகிதத்தை நேரா வச்சு வெட்டிட்டேன். திருப்பிப் பார்த்தா புலியும் திரும்பிடுச்சு. மீனைப் பாக்க வேண்டியது வில்லைப் பாத்துகினு நிக்குது. வில்லும் மீனும் வெள்ளைக் காடா, அதுக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் கிடையாது. புலிக்கு மட்டும் வேற துணி இல்ல. மறுநாள் விடிஞ்சா கொடி ஏத்தணும். அப்படியே வச்சுத் தைச்சுட்டேன்."

பரந்தாமன் துணியைப் பளபளப்பான பக்கம் மேலே வரும்படி பாயில் விரித்தார். புலி இருந்த இடம் இடப்பக்கம் பார்த்தது. கம்பம் இருக்கும் பக்கம். வில் இருக்கும் பக்கம்.

"இதை யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் சொல்லல சார். வெட்கமா இருந்துச்சு. தம்பி அன்னிக்கு வந்து, 'காட்டு பாய், என் புலியைப் பாக்கணும்'னு குதிச்சுது. தேய்ச்ச மடிப்பு கலைஞ்சிடும்னு சொல்லிட்டேன். நாளைக்குக் கம்பத்துமேல போனப்புறம் யாரு கண்டுபிடிக்கப் போறாங்கன்னு நெனச்சேன். அதுக்குள்ள போலீஸ் வந்துடுச்சு."

அது உண்மை. வேம்புலிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இஸ்திரிப் பெட்டியின் சூடு ஆறாத சிவப்புக் கொடியின் மடிப்பு. தொடப் போன அவன் கையைத் தட்டிவிட்ட பாய். பிறகு வாசலில் பூட்ஸ் சத்தம். அவன் வரைந்த புலியை அவனே துணியில் பார்க்கவில்லை.

"அன்னிக்கு ஏன் பாய் உங்களை மட்டும் வுட்டாங்க?" என்று கேட்டான். கேள்வி குரலில் கொஞ்சம் கெஞ்சலாகவே வந்தது. அவர் திணற வேண்டும் என்று அவன் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"அந்த ஸ்டேஷன்ல பாதிப் பேருக்கு யூனிபாரம் நான்தான் தைச்சுகினு இருந்தேன். இன்ஸ்பெக்டருக்கு ரெண்டு பேண்ட் பாக்கி இருந்துச்சு. 'போய்யா, போய் அதை முடி'ன்னு தொரத்திட்டாரு."

பரந்தாமன் மஞ்சள் துணியை மடித்து, கேட்டு வாங்கிக்கொண்டார்.

திரும்பும் வழியில் வேம்புலி தானாகப் பேசிக்கொண்டே வந்தான். பாயே யாரிடமாவது உளறியிருப்பார் என்றான். அண்ணாத்தேக்குத் தானாகவே தோன்றியிருக்கும், பெரிய மூளை சார் அது என்றான். போலீஸ்காரன் எவனாவது டீக்கடையில் சொல்லியிருக்கலாம் என்றான். சந்தைப்பேட்டை அருகே பரந்தாமன் வண்டியை நிறுத்தினார்.

"வேம்புலி, நீ சொல்றதுல ஏதாவது ஒண்ணு சரியா இருக்கணும்னு எனக்கும் ஆசைதான். போய்க் கேப்போம்."

"கேக்கலாம் சார். அவரு என்னைத் தோள்ல தூக்கினு வந்தவரு. எனக்கு வேலை இல்லாம கெடந்தப்போ உங்ககிட்ட கூட்டிகினு வந்தவரு. அவராண்ட கேக்க இன்னா பயம்?" என்றான் வேம்புலி. பயந்துகொண்டேதான் சொன்னான்.

மன்றத்தின் வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள்; மைக்செட்காரர் ஊதி ஊதிச் சோதித்துக்கொண்டிருந்தார். மூங்கில் கம்பத்தின் உச்சியில், உள்ளே பூப் பொதிந்து சுருட்டிக் கட்டிய புதுக்கொடி தயாராக இருந்தது. கயிற்றை இழுத்தால் பூ கொட்டும், கொடி விரியும். இழுக்கப் போகிறவர் பெயரை நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: சிறை மீண்ட செம்மல் வேம்புலி.

"வாடா என் சிங்கமே!" மணவாளன் இரண்டு கையாலும் அவனைக் கட்டிக்கொண்டார். நாற்பது வயது, வெள்ளைச் சட்டை, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனி ஒன்றில் போர்மேன். எந்தக் கூட்டத்திலும் அடுத்தவர் தோளில் கை போட்டுத்தான் பேசுவார். "இன்னா மூஞ்சி இப்படிக் கீது? நாஸ்டா துன்னியா இல்லியா?"

உள் அறையில் உட்கார்ந்ததும் பரந்தாமன் இன்ஷூரன்ஸ் முகத்தை மாட்டிக்கொண்டார்.

"புத்தகம் பிரமாதம். ஒரே ஒரு குறை. அட்டைப் படத்துல பிளாக் செய்றவன் புலியைத் திருப்பிட்டான் போல. புலி மீனைத்தானே பார்க்கணும்? வேம்புலி அப்படித்தான் வரைஞ்சானாம். இப்பவே சொன்னா ஒரு திருத்தச் சீட்டு ஒட்டிடலாம்."

மணவாளனுக்கு இதில் தப்பிக்க எத்தனையோ வழி இருந்தது. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நான்தான் மாற்றினேன் என்று சொல்லியிருந்தால் வேம்புலி அவர் காலிலேயே விழுந்திருப்பான். ஆனால் புத்தகம் எழுதியவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எழுதியதில் கை வைத்தால் தாங்கமாட்டார்கள்.

"பிழையா? இன்னா சார் நீங்க!" மணவாளன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தக் கொடிக்கே உயிர் அந்தத் திருப்பம்தான். வேம்பு காகிதத்துல எப்படி வரைஞ்சானோ எனக்குத் தெரியாது. துணியில புலி வில்லைத்தான் பார்த்துது. மஞ்சள் பளபளன்னு, தலையை வில்லு பக்கம் திருப்பிகினு. மூலக்கொடில இருந்த மாதிரியேதான் வைப்பேன். அதுல நான் மாறமாட்டேன்."

"அந்தச் சமயம் நீங்க எங்கே இருந்தீங்க?"

"வேலூர்ல தலைமறைவு. பதினாலாம் பக்கத்துல கீதே. பிப்ரவரி நடுவுலதான் வந்தேன்."

மஞ்சள் துணியைப் பரந்தாமன் மேஜைமேல் விரித்தார். தையல் பிழையைச் சொன்னார். அரக்கு வைத்த மூட்டையைச் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை. வெளியே மைக்செட்காரர் "ஒன், டூ, த்ரீ" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணாத்தே," என்றான் வேம்புலி. "யாராவது உன்னாண்ட சொன்னாங்களா? பாய் சொன்னாரா? போலீஸ்காரன் எவனாவது? யாரு பேர்னா சொல்லு, நான் நம்பறேன்."

மணவாளன் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டேஷன் மேஜைமேல வச்சுப் பிரிச்சாங்க," என்றார் கடைசியில். "'இதுதானா பாரு'ன்னாங்க. அவ்ளோ அழகா இருந்துது வேம்பு. அஞ்சு வருஷமா கண்ணுலயே நிக்குது. அதுக்கு என்ன அர்த்தம், ஏன் அப்படி வச்சான் பாய்னு யோசிச்சு யோசிச்சுத்தான் அந்தப் பக்கத்தையே எழுதினேன்."

"ஏன் போன அங்க?"

"நானா போவல. இருபத்தஞ்சு காலையில அம்பத்தூர் ஸ்டேஷன்ல ரயில் ஏறப் போனவனைப் புடிச்சுட்டானுங்க. வேலை போயிடும்னாங்க. உங்க அண்ணிக்கு அப்ப எட்டாம் மாசம். இடம் மட்டும்தான் சொன்னேன். பையனை அடிக்கக்கூடாதுன்னு சொல்லித்தான் சொன்னேன்."

அடித்தார்கள். அதை வேம்புலி இப்போது சொல்லவில்லை. அவனுக்கு அது பெரிதாகவும் படவில்லை. எட்டு மாதக் கர்ப்பிணி வீட்டில் இருந்தால் அவனும் சொல்லியிருப்பானோ என்னவோ. நெஞ்சை அறுத்தது வேறு.

"அத்த வுடு. பாய் மேல ஏன் போட்டே?"

"நான் எங்கடா போட்டேன்? நீதான் முதல்ல சொன்னே, பாய்தான்னு."

"ஜெயிலுக்கு மனு போட்டுப் பாக்க வந்தப்போ கம்பிக்கு அந்தாண்ட நின்னுகினு நீ இன்னா கேட்டே? 'யோசிச்சுப் பாரு வேம்பு, சீக்கிரமா வெளிய வந்தது யாரு?' அப்படின்னு கேட்டியா இல்லியா?"

மணவாளன் மேஜைமேல் இருந்த துணியின் ஓரத்தை நீவிவிட்டார்.

"நீ கேட்டே. நான் யோசிச்சேன். யோசிச்சு ஊர் பூரா சொன்னேன். உன் பொய்யை என் வாயால சொல்ல வச்சுட்டியே! அதுவும் ஜெயிலுக்குப் போயி வந்தவன் வாயி. எவன் நம்பாம இருப்பான்?"

மணவாளன் எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "அஞ்சு மணிக்கு மேடையில நானே சொல்றேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன். அதுவரைக்கும் என்னைக் கொஞ்சம் தனியா வுடு. உன் அண்ணன்டா நான்."

பரந்தாமன் வேம்புலியைப் பார்த்தார். வேண்டாம் என்று அந்தப் பார்வை சொன்னது. வேம்புலி கையை விடுவித்துக்கொண்டு, "சரி" என்றான்.

ஐந்து மணிக்குப் பந்தல் நிறைந்தது. ஐந்தேகாலுக்குத் தலைவர் நாற்காலி காலியாகவே இருந்தது. ஐந்தரைக்கு ஒருவர் வந்து சொன்னார்: மணவாளன் சம்சாரத்தையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு நாலரை மணி ரயிலில் அரக்கோணம் பக்கம் போய்விட்டாராம். தலைவருக்குத் திடீரென்று உடம்பு சரியில்லை, விழாவைச் சிறை மீண்ட செம்மல் நடத்திக்கொடுப்பார் என்று சீட்டு எழுதி வைத்திருந்தார். அந்தச் சீட்டை வேம்புலி இரண்டு தடவை படித்தான். ஒரே நாளில் அந்த மனிதரிடம் இரண்டாவது முறை ஏமாந்தாயிற்று. அழுகை வரும் என்று நினைத்தான். வரவில்லை, கோபம்தான் வந்தது.

கயிற்றை இழுக்கக் கூப்பிட்டார்கள். அவன் மைக்குக்குப் போனான். வேம்புலி மைக்கைப் பிடித்தால் சிரிப்பு நிச்சயம் என்று முன்வரிசை இப்போதே பல்லைக் காட்டியது.

"ஏழாம் பக்கத்துல போட்டிருக்கறது பொய்," என்றான். "உஸ்மான் கனி பாய் காட்டிக்கொடுக்கல. மணவாளன் காட்டிக்கொடுத்தாரு. இன்னிக்கு என்னாண்ட ஒத்துகினாரு. துப்பறியும் பரந்தாமன் சார் இதோ கீறாரு, அவரும் கேட்டாரு. பாய்தான்னு உங்க எல்லார்கிட்டயும் சொன்னவன் நான். விசாரிக்காம சொன்னேன். கொடியை நான் ஏத்தமாட்டேன். எனக்கு அந்த யோக்யதை இல்ல."

கூச்சல் எழுந்தது. "எவ்ளோ வாங்கினே?" என்று ஒரு குரல். நாற்காலி ஒன்று விழுந்தது. வேம்புலி இறங்கவில்லை. பரந்தாமன் மேடைக்கு வந்து, அந்த மஞ்சள் துணியைத் தூக்கிப் பிடித்து, புலி எப்படித் திரும்பியது என்று நாலே வாக்கியத்தில் சொன்னார். கூட்டத்தில் பாதிப் பேர் கம்பெனித் தொழிலாளிகள். அச்சு மாற்றி வைத்து வெட்டினால் துண்டு எப்படி வரும் என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சத்தம் மெல்ல அடங்கியது.

ஓரத்தில் புத்தகக் கட்டுகளோடு ஜரினா நின்றிருந்தாள். அச்சகத்திலிருந்து கொண்டுவந்து இறக்கியது அவள்தான். அவள் தரையில் உட்கார்ந்து, ஒரு புத்தகத்தை எடுத்து, நடுவில் இருந்த பின்னை நகத்தால் நிமிர்த்தி, ஏழாம் பக்கம் இருந்த தாளை மட்டும் உருவி எடுத்துவிட்டுப் பின்னைத் திரும்ப மடித்தாள். அடுத்ததை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் ஏற்கனவே வாங்கிப் போனவர்கள் நாலைந்து பேர் தங்கள் புத்தகத்தை அவளிடம் நீட்டினார்கள். கொடி சுருட்டியபடியே கம்பத்தில் இருந்தது.

அவர்கள் பூந்தமல்லி போய்ச் சேர்ந்தபோது மசூதியில் அந்தித் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பரந்தாமன் சந்து முனையிலேயே வண்டியோடு நின்றுகொண்டார். வேம்புலி தனியாகப் போனான். உஸ்மான் கனி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"பாய், மணவாளன்தான். விசாரிக்காம உங்களை நான்தான்..."

"தெரியும் தம்பி."

"யார் சொன்னாங்க? ஜரினா இன்னும் வரலையே?"

"அன்னிக்கே தெரியும். ஸ்டேஷன் வராண்டாவுல குந்த வச்சிருந்தாங்க என்னை. உள்ள இருந்து அவன் குரல் கேட்டுச்சு. 'இதேதான் சார்'னு சொன்னான்."

"அப்ப ஏன் பாய் இத்தனை வருஷமா சொல்லல? பொண்ணாண்டகூடச் சொல்லலியே!"

"அதுகிட்ட சொன்னா சண்டைக்குப் போயிடும். அம்பத்தூர்லயே வேலை பாக்கற பொண்ணு." உஸ்மான் கனி செருப்பைச் சுவர் ஓரம் ஒழுங்காக வைத்தார். "உன்கிட்ட சொல்லத்தான் வந்தேன். நீ வெளிய வந்த அன்னிக்கு, ஜெயில் வாசலுக்கு. மாலையும் கையுமா ஒரே கூட்டம். உன்னைத் தோள்மேல தூக்கி வச்சுகினு இருந்தது மணவாளன். நீ மேல இருந்து என்னைப் பார்த்துட்டே. பார்த்துட்டு ஒண்ணு சொன்னே. ஞாபகம் கீதா?"

ஞாபகம் இருந்தது. அவன் வாழ்க்கையிலேயே அவ்வளவு பெரிய கூட்டம் அவன் சொன்னதற்குச் சிரித்தது அன்றைக்குத்தான். அப்புறம் எத்தனையோ டீக்கடைகளில் அதைப் பெருமையாகத் திரும்பச் சொல்லியிருக்கிறான். 'இன்னா பாய், ஊசி விக்க வந்தியா, இன்னொரு ஆளை விக்க வந்தியா?'

"நல்லாத்தான் சொன்னே," என்றார் உஸ்மான் கனி. "எல்லாரும் அப்படிச் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புல நான் எங்கேர்ந்து தம்பி பேசறது? பஸ் ஏறி வந்துட்டேன்."